எஞ்சினில் ஒரு சிறு இடைவெளி

விடியற்காலையில் அண்டை வீட்டார் தம் பழைய காரைக் கிளப்பும்போது சற்று உற்றுக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினின் பொதுவான உறுமலோடு, தையல் எந்திரம் ஓடுவது போன்ற ‘டக் டக்’ என்னும் மெல்லிய ஓசையும் சேர்ந்து வரும். பட்டறைக்காரர்கள் இதனை ‘டாப்பெட் சத்தம்’ என்பார்கள். கார் வைத்திருப்போர் பலருக்கு இவ்வோசை பிடிப்பதில்லை. “டாப்பெட்டை அட்ஜஸ்ட் செய்து சத்தத்தை நிறுத்திக் கொடுங்கள்” என்று சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வேறு சிலரோ, ஓசை இல்லை, ஆதலின் குறையும் இல்லை என்று எண்ணி, ஆண்டுக் கணக்கில் எஞ்சினின் மூடியைத் திறந்தும் பாரார். இவ்விரு சாராரும் தவறு செய்கின்றனர். அத்தவறு எவ்வாறு நேர்கிறது, எப்போது இந்தப் பகுதியில் கை வைக்க வேண்டும், எப்போது வைக்கலாகாது என்பவற்றை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

மாணவ நண்பர்களே, பெட்ரோல் எஞ்சினின் அமைப்பை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சிலிண்டர் என்னும் குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கு ஒரு கதவு வேண்டும். எரிந்த புகை வெளியே போவதற்கு மற்றொரு கதவு வேண்டும். இந்தக் கதவுகளே வால்வுகள். உள்ளே விடுவது இன்லெட் வால்வு. வெளியே விடுவது எக்ஸாஸ்ட் வால்வு. தோற்றத்தில் இவை நீண்ட காம்புடைய காளானைப் போன்றவை. காளானின் குடை சிலிண்டரின் கூரையில் உள்ள வட்டமான இருக்கையில் அமர்ந்து வழியை அடைக்கும். ஒரு சுருள்வில் அதனை எந்நேரமும் இருக்கையோடு இழுத்துப் பிடித்திருக்கும். காம் ஷாப்ட் என்னும் சுழல்தண்டில் முட்டை வடிவான மேடுகள் உண்டு. மேடு சுழன்று வரும்போது, இடையிலுள்ள டாப்பெட்டையோ ராக்கர் என்னும் நெம்புகோலையோ தள்ள, அது வால்வின் காம்பை அமுக்கும், வால்வு திறக்கும். மேடு கடந்து சென்றதும் சுருள்வில் வால்வை மீண்டும் மூடிவிடும்.

இவ்வேலை எத்தனை முறை நடைபெறுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சினின் பெரிய தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். நிமிடத்திற்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், நிமிடத்திற்கு 1,000 முறை. மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 40,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு கார் 1,000 மணி நேரம் ஓடியிருக்கும். அதாவது 60,000 நிமிடங்கள். ஆக, ஒரு வால்வு 6 கோடி முறை தன் இருக்கையில் வந்து மோதியிருக்கும். இரும்பேயானாலும் இத்தனை மோதலில் சிறிதும் தேயாமல் இருக்க முடியுமா?

இனி இடைவெளிக்கு வருவோம். வால்வு மூடியிருக்கும் வேளையில், அதன் காம்பின் நுனிக்கும் அதனை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே ஒரு மிகச் சிறிய வெளி விடப்பட்டிருக்கும். அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் இது 0.015 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். தபால் அட்டை ஒன்றின் கனத்தைவிடச் சற்று மிகுதி, அவ்வளவே. இதனை ஏன் விட வேண்டும்? வெப்பத்தால் உலோகம் நீளும் என்பதே காரணம். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுத் தண்டின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் ஏறினால், அது சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும். எக்ஸாஸ்ட் வால்வின் குடையோ ஓடும்போது 700 டிகிரிக்கும் மேற்பட்டுக் காய்கிறது. முன்னாளில் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடம் விட்டு வைத்ததைப் போலவே, வால்வு நீளுவதற்கும் இடம் விட்டு வைக்கிறார்கள். இன்லெட் வால்வை உள்ளே வரும் குளிர்ந்த காற்று அவ்வப்போது ஆற்றிவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தப் பேறு இல்லை. ஆதலால் பெரும்பாலான எஞ்சின்களில் எக்ஸாஸ்டுக்கு அதிக இடைவெளி விடப்படும். ஹோண்டா நிறுவனத்தின் 1.5 லிட்டர் எஞ்சின் ஒன்றில் இன்லெட்டுக்கு 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர் வரையும், எக்ஸாஸ்டுக்கு 0.26 முதல் 0.30 வரையும் குறித்திருக்கிறார்கள்.

இவ்விடைவெளி மிகுந்துபோனால் ஒரு கேடு. குறைந்துபோனால் வேறொரு கேடு. இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மிகுந்தால் என்ன ஆகும்? காம் மேடு முதலில் வெறும் வெளியைக் கடந்து, பிறகே ராக்கரை முட்டும். அந்த முட்டலே நாம் கேட்கும் ‘டக் டக்’. வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து, சற்று முன்னதாகவே மூடிவிடும். காற்று குறைவாகப் புகும். எஞ்சினின் வலிமை சிறிது குன்றும். காம் மேட்டின் இருபுறமும் வால்வை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவதற்கென்று ஒரு சரிவு செதுக்கப்பட்டிருக்கும். இடைவெளி அதிகமானால் அந்தச் சரிவு பயன்படாமற் போகும். வால்வு வேகத்தோடு வந்து இருக்கையில் அறையும். நெடுநாள் அப்படியே விட்டால் காம்பின் நுனியும் ராக்கரும் தேயும். தீங்குதான்; ஆனால் மெல்ல வரும் தீங்கு. ஓசையால் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு வரும் தீங்கு.

குறைந்தால் நிலைமை வேறு. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அறிந்தால்தான் இது விளங்கும். அதன் வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வால்வு மூடியிருக்கும் சிறு பொழுதில், குடையின் விளிம்பு இருக்கையைத் தொடும் வழியாகவே வெளியேறுகிறது. இருக்கையைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. வெப்பம் அதில் கலந்துவிடுகிறது. எஞ்சியது காம்பின் வழியாகச் செல்கிறது. இடைவெளி அறவே இல்லாமற் போய், சூட்டில் நீண்ட வால்வுக்கு ராக்கர் தடையாக நின்றால், வால்வு முழுவதும் மூடாது. இழையளவு திறந்தே நிற்கும். உடனே இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. வெப்பம் வெளியேறும் வழி அடைபடுகிறது. அதே வேளையில் 2,000 டிகிரிக்கு மேற்பட்ட நெருப்பு அந்த மெல்லிய சந்தின் வழியே பீறிட்டுப் பாய்கிறது. பற்றவைக்கும் ஊதுகுழலின் சுவாலையை ஒரு நாணயத்தின் விளிம்பில் காட்டினால் என்ன நேருமோ, அதுவே வால்வின் விளிம்புக்கும் நேர்கிறது. விளிம்பு கருகி, வெடித்து, ஒரு பக்கம் உதிர்ந்துபோகும். இத்தனையும் நடக்கும்போது ‘டக் டக்’ ஓசை சிறிதும் வராது. முட்டுவதற்கு அங்கே வெளியே இல்லையே! எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடுவதாகவே தோன்றும்.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். என் பெரியப்பா சேலத்தில் ஓர் அம்பாசடர் காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தியவர். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர், “உங்கள் வண்டி என்ன இப்படித் தட்டுகிறது?” என்று இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டார். பெரியப்பாவுக்கு அது மானக்குறைவாகப் போய்விட்டது. அருகிலிருந்த ஒரு பட்டறையில் சொல்லி, ஓசையை அடக்கி வாங்கினார். அளவுத் தகடு எதையும் அவர்கள் எடுத்ததாகத் தெரியவில்லை. ஓசை நிற்கும் வரை திருகை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். சில வாரங்கள் வண்டி பட்டுப் போல ஓடிற்று. பிறகு காலையில் கிளம்ப மறுத்தது. நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கியது. ஒரு நாள் ஏற்காட்டு மலைப் பாதையில், பாதி வழிக்கு மேல் ஏற முடியாமல் நின்றேவிட்டது.

எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றியபோது நானும் அருகில் இருந்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் ஒரு பக்கம் எலி கடித்த அப்பம் போல உதிர்ந்திருந்தது. கழற்றிப் பார்த்த முதிய மெக்கானிக், வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, சத்தம் கேட்டா மெதுவா கொண்டு வாங்க. சத்தம் தானா நின்னுபோச்சுன்னா மறுநாளே கொண்டு வாங்க” என்றார். புதிய வால்வு வாங்கி, இருக்கையைக் கடைந்து, மீண்டும் பூட்டுவதற்குப் பத்து நாட்களுக்கு மேலாயின. அந்தப் பத்து நாட்களும் பெரியப்பா கடன் வாங்கிக் குடும்பம் நடத்தினார்.

பட்டறைக்காரர் இறுக்காமலேயே இடைவெளி தானாகக் குறையுமா என்று கேட்கலாம். குறையும். தேய்மானம் இரு திசையிலும் நடக்கிறது. ராக்கரின் முனையும் காம் மேடும் தேய்ந்தால் இடைவெளி பெருகும். வால்வின் விளிம்பும் அதன் இருக்கையும் தேய்ந்தால், வால்வு இருக்கைக்குள் சிறிது சிறிதாகப் புதைந்து, அதன் காம்பு மறுபுறம் மேலே எழும்பும், இடைவெளி சுருங்கும். எந்தத் தேய்மானம் முந்துகிறதோ அதைப் பொறுத்து ஓசை கூடுவதும் குறைவதும் அமையும்.

இதில் பெட்ரோலுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய குழுவினரும் 1921-ஆம் ஆண்டு, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சினில் ‘நாக்கிங்’ என்னும் தட்டல் நிற்கும் என்று கண்டனர். 1923-இல் அத்தகைய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எரிந்த ஈயம் வால்வின் இருக்கைமீது மெல்லிய படலமாகப் படிந்து, வெறும் இரும்போடு இரும்பு உராயாதபடி காத்தது. இது எதிர்பாராமல் கிடைத்த நன்மை. ஆனால் புகையோடு வெளியேறிய ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்பது பின்னர் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதனைக் கைவிட்டது. கைவிட்டது நன்றே, அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. எனினும், மென்மையான வார்ப்பிரும்பிலேயே இருக்கை கடைந்த பழைய எஞ்சின்களில், ஈயப் படலம் போனபின் வால்வுகள் விரைந்து புதையத் தொடங்கின. அத்தகைய பழைய காரை இன்றும் போற்றி வைத்திருப்போர், கடினமான எஃகு வளையங்களை இருக்கையாகப் பொருத்திக்கொள்வது நல்லது. அதுவரை இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். எரிவாயுவில் ஓடும் வாடகைக் கார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாயு வறண்ட எரிபொருள். பெட்ரோல் திரவத்தைப் போல இருக்கையை நனைத்துக் குளிர்விப்பதில்லை.

அளவு பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டுமா, சூடாக இருக்கும்போதா என்பது முதல் கேள்வி. கைந்நூலில் எப்படிக் குறித்திருக்கிறதோ அப்படியே. இதில் ஊகம் செய்யலாகாது. மாருதி 800 காரின் எஞ்சினைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் சுமார் 0.15 மில்லிமீட்டர், சூடான நிலையில் சுமார் 0.25 மில்லிமீட்டர். சூட்டில் வால்வு நீண்டு இடைவெளி குறைய வேண்டாமா, இங்கே கூடுகிறதே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். காம் ஷாப்டும் ராக்கரும் தலைப்பகுதியிலேயே பொருந்தியிருப்பதால், அது விரியும்போது அவை வால்வின் இருக்கையைவிட்டு விலகிச் செல்கின்றன. அங்ஙனமாயின் குளிரில் இடைவெளியே விடாமல் இருக்கலாமே என்பீர்கள். கூடாது. எஞ்சினைக் கிளப்பியதும் நெருப்பின் நடுவே நிற்கும் வால்வு நொடிகளில் காய்ந்துவிடும். கனத்த தலைப்பகுதி காய்வதற்கோ சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களுக்காகவும் இடம் வேண்டும்.

முன்பு கூறிய ஹோண்டா நிறுவனத்தார், எஞ்சினின் தலைப்பகுதி 38 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பின்னரே அளவு பார்க்க வேண்டும் என்கிறார்கள். வேலூரில் மே மாத நண்பகலில் நிழலில் நிற்கும் காரே அந்த அளவைத் தாண்டிவிடும்! ஆகவே வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டு, மறுநாள் விடியலில் வேலையைத் தொடங்கச் சொல்வதே தக்கது.

கருவி எளியது. வெவ்வேறு கனமுள்ள எஃகுத் தகடுகள் விசிறி போலக் கோக்கப்பட்ட ‘பீலர் கேஜ்’. உரிய கனமுள்ள தகட்டை இடைவெளிக்குள் நுழைத்து இழுக்கும்போது, கனத்த புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போல லேசான பிடிப்புத் தெரிய வேண்டும். தகடு தடையின்றி ஆடினால் இடைவெளி அதிகம். நுழையவே மறுத்தால் குறைவு. ஆனால் அளக்கும் வால்வின் காம் மேடு அப்போது நேர் எதிர்ப்புறம் திரும்பியிருக்க வேண்டும். இதற்கு அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் ஓர் அழகிய கணக்கு வைத்திருந்தார்கள். நான்கு சிலிண்டர்களுக்கு எட்டு வால்வுகள். முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிடுங்கள். எட்டாம் வால்வு முழுவதும் திறந்து நிற்கும்போது முதல் வால்வை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவது. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. வால்வுகள் இருபுறமும் கண்ணாடியில் தெரிவது போல எதிரொத்து அமைந்திருப்பதாலும், முதலும் நான்காவதும், இரண்டாவதும் மூன்றாவதுமான சிலிண்டர்களுக்கு உரிய காம் மேடுகள் சரியாக அரைச் சுற்று வேறுபட்டு நிற்பதாலும் இந்தக் கணக்கு பிழைப்பதில்லை. கல்லூரியில் எந்திரவியல் பயில்வோர் இதனைப் படம் வரைந்து தாமே மெய்ப்பித்துப் பார்க்கலாம்.

எல்லாக் கார்களுக்கும் இவ்வேலை தேவையா? இல்லை. 1930-இல் வெளிவந்த அமெரிக்கக் காடிலாக் பதினாறு சிலிண்டர் கார், எண்ணெயின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும் அமைப்போடு வந்தது. இன்று எத்தனையோ கார்களில் இந்த ‘ஹைட்ராலிக்’ அமைப்பு உண்டு. ஒரு சிறு கிண்ணத்துக்குள் எஞ்சின் எண்ணெய் புகுந்து நின்று, தேய்ந்த அளவுக்கு உயர்ந்து கொடுக்கும். இவற்றைத் திருகித் திருத்த எதுவும் இல்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் சில நொடிகள் ஓசை கேட்டு அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. ஓசை நிலைத்து நின்றால், எண்ணெய் பழையதா, அளவில் குறைந்ததா, தகுந்த வகையைச் சேர்ந்ததா என்று பார்ப்பதே முதல் வேலை. இத்தகைய காரின் உரிமையாளரிடம் ‘டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று எழுதிக் கூலி கேட்கும் பட்டறை, செய்யாத வேலைக்குக் கூலி கேட்கிறது.

திருகு வைத்த எஞ்சின்களில் பழைய கார்களுக்கு ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கமாயிருந்தது. பின்னாளில் வந்த கார்களில் உலோகமும் எண்ணெயும் சிறந்துவிட்டதால் 40,000 கிலோமீட்டர் வரையும் இடம் தருகிறார்கள். ‘ஷிம்’ என்னும் வட்டத் தகடுகளால் அளவு அமைக்கும் எஞ்சின்கள் இன்னும் நெடுந்தொலைவு மாறாமல் ஓடும். ஆனால் மாறினால் திருத்துவது எளிதன்று. சிலவற்றில் காம் ஷாப்டையே கழற்றி, வேறு கனமுள்ள தகடு வைக்க வேண்டும். எந்த வகையானாலும் தலைப்பகுதியைக் கழற்றிப் பூட்டிய பின் ஒரு முறை பார்த்தே தீர வேண்டும். காலையில் கிளம்பத் தயங்குதல், நின்றவிடத்தில் குலுங்குதல், மேட்டில் இழுக்காமை, பழகிய ஓசை திடீரென்று அடங்குதல் ஆகியவை தோன்றினால் கிலோமீட்டர் கணக்கை எதிர்பார்த்துக் காத்திருத்தல் கூடாது.

அளப்பது வேறு, திருத்துவது வேறு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குறித்த எல்லைக்குள் இருக்கும் வால்வைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எல்லைக்குள் ஐயம் இருந்தால், சிறிது அதிகமாக இருக்க விடுவது சிறிது குறைவாக இருக்க விடுவதைவிடப் பாதுகாப்பானது. பட்டறையில் “டாப்பெட் பார்த்தாயிற்று” என்று வாயால் சொன்னால் போதாது. ஒவ்வொரு வால்வுக்கும் திருத்துவதற்கு முன் இருந்த அளவையும் பின் வைத்த அளவையும் எழுதி வாங்குங்கள். மலைப் பாதையில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு என் பெரியப்பா காரின் பெட்டியில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். நாள், ஓடிய தூரம், எட்டு வால்வுகளின் அளவு, இவைதாம் அதில் இருக்கும். ஒரு முறை ஏழு வால்வுகள் பழைய அளவிலேயே நிற்க, நான்காவது மட்டும் அடுத்தடுத்து மூன்று சோதனைகளில் 0.015, 0.013, 0.010 அங்குலம் என்று இறங்கி வந்திருந்தது. வண்டியில் ஓசை ஏதும் இல்லை. ஓட்டத்திலும் குறை தெரியவில்லை. அவர் வாடகைக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்துத் தலைப்பகுதியைக் கழற்றச் செய்தார். இருக்கை தேய்ந்திருந்தது, வால்வு இன்னும் கருகவில்லை. மறுநாள் மாலையே வண்டி சவாரிக்குப் போயிற்று.